கள்ளியின் வடக்குப் பக்கம்

"இது கொடிக்கயிறு இல்ல," என்றார் என் கணவர் ஃபிடென்சியோ. சமையலறை வாசலுக்கு நேரே நின்ற பீப்பாய்க் கள்ளியின் முள்ளில் நான் மாட்டியிருந்த நீலக் கைத்துணியை எடுத்து என் தோளில் போட்டார்.

"முள்ளு கொக்கி மாதிரி இருக்கு. எந்தக் காத்துக்கும் பறக்காது."

"இருபத்திரண்டு வருஷமா இதையே சொல்ற."

மறுபக்கம் போய்க் குந்தி, கள்ளியின் தெற்கு விளிம்பில் சிவப்புக் கம்பளி நூலை முடிந்தார். எங்கள் தெற்கு முற்றத்தின் வழியாகச் சாலை வரப்போகிறது. பதினைந்து நாளில் இயந்திரம் வந்துவிடும். அதற்குள் கள்ளியைப் பெயர்த்து வீட்டுக்கு வடக்கே நட வேண்டும். தெற்கு வெயிலில் தடித்த பக்கம் மறுபடியும் தெற்கையே பார்க்க வேண்டும். மாறிப்போனால் நிழலில் இருந்த தோல் வெந்து அழுகிவிடும். வயதான கள்ளிகள் தெற்கே சாய்ந்து நிற்கும். எங்களுடையது முழங்கால் உயரம்தான், இன்னும் சாயவில்லை.

காபியைக் குடித்துவிட்டு மண்வெட்டி எடுக்கக் கொட்டகைக்குப் போனார். அங்கேயே விழுந்தார். இதயம் என்றார்கள்.

அவர் ஆன்மாவுக்கான ஒன்பது நாள் ஜெபத்தில் ஐந்தாம் நாள், வந்தவர்கள் போனதும், அதே மண்வெட்டியை எடுத்தேன். அவர் தம்பி ரொசெண்டோ வேலிக்கு அப்பால் நின்று பார்த்தான்.

"அண்ணி, மலைப்பக்கம் இது மாதிரி ஆயிரம் கிடக்கு. இதை விடுங்க."

"நீ கம்பளத்தைப் பிடி."

"வெட்டினா உள்ள தண்ணி இருக்குமாமே. அதையாவது குடிச்சுப் பார்க்கலாம்."

"குடி. வயித்தால போய் ரெண்டு நாளைக்கு வீட்டுக்குப் பின்னாடியே குடியிருப்ப."

சிரித்தபடி வேலியைத் தாண்டி வந்தான். வேர்கள் ஆழமில்லை, அகலமாக ஓடியிருந்தன. பழைய கம்பளத்தில் சுற்றி இருவருமாகப் புரட்டிக் கொண்டுபோய், அறுந்த வேர் காய்வதற்காக வடக்கு நிழலில் கிடத்தினோம்.

பத்தாம் நாள் கம்பளத்தைப் பிரித்தபோது நூல் இல்லை. வந்த வழியெல்லாம் தேடினேன். புழுதியில் ஒரு சிவப்புத் துணுக்கு கிடந்தது, அவ்வளவுதான்.

"எப்படியோ ஒரு பக்கம் வைங்க அண்ணி. பிழைச்சா பிழைக்கட்டும்."

"எப்படியோ வைக்கறதுக்கா அவர் குந்தி உட்கார்ந்து கட்டினார்?"

நான் கள்ளியைச் சுற்றி வந்தேன். எல்லா விளிம்பும் ஒன்றுபோலவே இருந்தது. மண்டியிட்டு, முள் முள்ளாகப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் நாலைந்து கொக்கிகளின் நுனியில் நீல இழைகள் சிக்கியிருந்தன. என் கைத்துணியின் இழைகள். அந்தப் பக்கம்தான் முன்பு சமையலறை வாசலைப் பார்த்து நின்றது.

"இதுதான் வடக்கு," என்றேன். "தூக்கு."

ஒரு மாதம் தண்ணீர் ஊற்றவில்லை. தோல் சுருங்கியது, வேகவில்லை. அடுத்த கோடையில் உச்சியில் ஆறு பூ பூத்தது.

இப்போது மூன்று வருடம். பின்வாசலிலிருந்து கைநீட்டினால் கிடைப்பது கள்ளியின் தெற்குப் பக்கம். நான் சுற்றிப் போய், கைத்துணியை வடக்குப் பக்கத்து முள்ளில்தான் மாட்டுகிறேன்.