அக்காவுக்குச் சொன்ன பதில்

சனிக்கிழமை மத்தியானப் பயிற்சிக்கு என் அக்கா எர்மெலிண்டா வருவாள் என்று அமான்சியோ முன்னாடியே சொல்லிவிட்டான். எல் கார்மென் ஊரில் எங்கள் பாட்டு வட்டத்தை நடத்துகிறவன் அவன்.

"செவ்வாக்கிழமை அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன். அப்புறம் குரல் இருக்குமோ இருக்காதோன்னுட்டாரு டாக்டரு. உன்கூட ஒரு தடவ பாடணுமாம், கிறிசான்டா."

"பாடட்டுமே, யாரு வாயைக் கட்டினது?" என்றேன். எனக்கு ஆத்திரம். அம்மாவைப் புதைத்த அன்றைக்கு இவள் லிமாவில், ஒரு ஓட்டலில், சுற்றுலாக்காரர்களுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அக்கா வந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நான் நிமிர்ந்து பார்க்காமல், உட்கார்ந்திருந்த மரப்பெட்டியின் முகத்தில் ஓங்கி அறைந்து தாளத்தைத் தொடங்கினேன்.

"ஏண்டி, பொட்டிய உன் மாமியான்னு நெனச்சியா, இந்தப் போடு போடுற?" என்றாள் நிகோலாசா. காய்ந்த கழுதைத் தாடையெலும்பைக் குலுக்கி, அதிலுள்ள பல்லை அதிரவைத்துத் தாளம் போடுகிறவள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் யார் பெயரைச் சொல்லி அழைக்கிறாரோ, அவர் கோரஸ் இரண்டு சுற்று முடிவதற்குள் பதில் பாட வேண்டும். பதில் வராவிட்டால் எழுந்து வெளியே போக வேண்டியதுதான்.

அக்கா பாடினாள். குரல் உடைந்திருந்தது, ஆனாலும் அவள் குரல்தான்.

"கிறிசான்டா, கிறிசான்டா,
கதவத் தொறக்க மாட்டியா?"

கோரஸ் ஒரு சுற்று வந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அமான்சியோ கண்ணாலேயே கெஞ்சினான். இரண்டாவது சுற்றும் முடியப்போகிற நேரத்தில் வாயைத் திறந்தேன்.

"அம்மாவ மண்ணுல வெச்சப்போ
எந்த மேடையில நீ நின்ன, எர்மெலிண்டா?"

என்னையறியாமல் அவள் பெயரையும் சேர்த்துப் பாடிவிட்டேன். இனி அவள் முறை. கோரஸ் ஒருமுறை சுற்றியது. அக்கா வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள். இரண்டாவது சுற்றும் முடிந்தது.

வழக்கம் வழக்கம்தானே. யாரும் சொல்லாமலே எழுந்து போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். சீ, அதுவும் ஒரு ஜெயிப்பா! ஒருத்தரும் கைதட்டவில்லை.

பெட்டியைத் தள்ளிவிட்டு ஓடினேன். சின்சா நகரத்துக்குப் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குக்கா! இன்னொரு தடவ கூப்பிடு. இந்தத் தடவ ஒழுங்கா பதில் சொல்றேன்."

தொண்டையில் கை வைத்துத் தலையாட்டினாள். ஜன்னலுக்குள் காதைக் கொடுத்தால்தான் கேட்டது.

"முடியலடி. ஒரு பாட்டுக்குத்தான் மிச்சம் வெச்சிருந்தேன். உன்னைக் கூப்பிட்டதுல தீந்துபோச்சு."

வண்டி கிளம்பியது.