நூற்று நாற்பத்தேழும் ஒன்றும்

ஜெஃப்ரியின் வலைப்பதிவில் மொத்தம் நாற்பத்தாறு பதிவுகள் இருந்தன. அத்தனைக்கும் ஒரே தலைப்பு, 'சோதனை'. சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு வரி இருந்தால் அதிகம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் போடும் பிரிவில் அவனுக்கு வேலை. எந்தத் துண்டை எப்படித் திருப்பி வைத்து வெட்டினால் தோல் வீணாகாது என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வான். நாலு வரி எழுதச் சொன்னால் மட்டும் திருதிருவென்று விழிப்பான். இவனுக்குப் பதிவர் வட்டத்தில் என்ன வேலை என்று கேட்டால், அவன் இல்லாவிட்டால் வட்டமே இல்லை என்பதுதான் பதில்.

பாலாற்றுப் பதிவர் வட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, வேலூரில் காட்பாடி ரோட்டு பிரவுசிங் சென்டர் ஒன்றில் கூடும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள்கூட ஒருவரையொருவர் பதிவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆம்பூரில் பசைக்கடை வைத்திருந்த நசீர் அகமதுவுக்கு 'தோல் மண்டி' என்று பெயர். நாட்றம்பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கும் ஹெப்சி டீச்சர் 'வருகைப் பதிவேடு'. "வாங்க வருகைப் பதிவேடு, இன்னா லேட்டு?" என்று நசீர் பாய் கேட்க, அந்தம்மா கொஞ்சமும் சிரிக்காமல் "பஸ்ஸு கெடைக்கலங்க தோல் மண்டி" என்பார். பக்கத்து நாற்காலியில் சாட் பண்ணிக்கொண்டிருக்கும் காலேஜ் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இவர்கள் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் தேவகிருபையின் பதிவுக்குப் பெயர் 'மூன்றாம் மாடி'. நோயாளிகளைப் பற்றி அவர் எழுதியதில்லை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவர்களைப் பற்றித்தான் எழுதினார். ஃபிளாஸ்க்கில் கஞ்சி வாங்கி வருகிறவர்கள், டாக்டர் சொன்னதைப் பாதி மறைத்து வீட்டுக்குப் போன் பண்ணுகிறவர்கள். யார் பெயரையும் போடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே சென்டருக்கு வந்து, வாரம் முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்ததைக் கடகடவென்று அடித்து, பப்ளிஷ் அழுத்திவிட்டுப் போய்விடுவார். வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை, எழுதியதற்குக் காப்பியும் இல்லை.

ஜெஃப்ரியை வட்டத்துக்குக் கொண்டுவந்ததே அவர்தான். 2006 செப்டம்பரில் ஜெஃப்ரியின் அப்பா அந்த மூன்றாம் மாடியில் பதினோரு நாள் இருந்து இறந்துபோனார். அப்போது ஏற்பட்ட பழக்கம். "தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலதான? தமிழ் எழுத்து கட்டம் கட்டமா தெரியுதுன்றாங்க, வந்து பாக்குறியா?" என்று கூப்பிட்டார். வந்தவன் தங்கிவிட்டான். எல்லோருக்கும் எழுத்துரு சரிசெய்தான், பக்கத்தின் தோற்றத்துக்கான டெம்ப்ளேட் மாற்றிக் கொடுத்தான். ஆளாளுக்குத் தங்கள் பாஸ்வேர்டை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். நசீர் பாயின் பாஸ்வேர்ட் அவருடைய செல் நம்பரேதான். விரிஞ்சிபுரத்து சீனிவாசன் சார் மட்டும் உறையில் போட்டுக் கோந்து ஒட்டி, 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கொடுத்தார். தபால் ஆபீஸ் கிளார்க் வேறு எப்படிக் கொடுப்பார்?

இவ்வளவு செய்தவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. வட்டத்தில் யார் எழுதிய எதையும் அவன் ஒரு வரிகூடப் படித்ததில்லை. பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா, ஓரம் நேராக நிற்கிறதா, அவ்வளவுதான் பார்ப்பான். எழுத்து என்பது அவனுக்கு இடத்தை அடைக்கிற ஒரு பொருள்.

2008 அக்டோபரில் 'மூன்றாம் மாடி'க்கு மூன்று வயது முடிந்தது. இரண்டாம் ஞாயிறு சந்திப்பில் தேவகிருபை அக்காவுக்குப் புது டெம்ப்ளேட் போட்டுக் காட்டி அசத்திவிட வேண்டும் என்று ஜெஃப்ரி முடிவு செய்தான். அவனுக்கு ஒரு முறை உண்டு. யாருடைய பதிவில் கை வைத்தாலும் அதே கணக்கில் அதே தோற்றத்தில் ஒரு நகல் வலைப்பதிவு உருவாக்கி, அதில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பான். திருப்தியானதும் அசலில் ஏற்றிவிட்டு நகலை அழித்துவிடுவான். முதல் ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து வேலையை முடித்தான். அசலும் நகலும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. அழிக்கவா என்று கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. ஆமாம், ஆமாம் என்று அழுத்தினான்.

போனது அசல்.

நகலில் இருந்தது வெறும் மூன்று பதிவு, அதுவும் அளவு பார்க்க அவன் போட்ட உளறல். மூன்று வருஷ எழுத்து இருந்த இடத்தில், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரை சொன்னது. அந்தக் காலத்தில் அழித்தால் அழித்ததுதான், திரும்ப வாங்க அவனுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. ஜெஃப்ரி அந்த முகவரியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தான். சூப்பர்வைசர் வந்து "இன்னாபா, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினான். பொய்யும் இல்லை.

பதிவுகளைத் திரட்டிப் பட்டியல் போடும் தளம் ஒன்றில் தலைப்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. எண்ணினான். நூற்று நாற்பத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அக்கா வந்து உட்காருவார். அதற்குள் நூற்று நாற்பத்தெட்டையும் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

முதலில் நசீர் பாயிடம் போனான். விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை. கல்லாப் பெட்டியைத் திறந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்தார்.

"நா சென்டர்ல குந்தி படிக்கிறதே இல்ல தோஸ்த். அரை மணி நேரம் எடுத்து, எல்லார் பக்கத்தயும் தெறந்து தெறந்து சேவ் பண்ணி எடுத்தாந்துடுவேன். கடையில கிராக்கி கம்மியா இருக்கும்போது நிம்மதியா படிப்பேன். பாரு, இருக்கும்."

இருந்தது. தொண்ணூற்றொன்று, பின்னூட்டங்களோடு. ரம்ஜான் மாதங்களில் அவர் சென்டருக்குப் போகவில்லை, இடையில் ஒரு பென் டிரைவ் தொலைந்தது, அதனால் மிச்சம் இல்லை. ஜெஃப்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பசைக்கடை வைத்திருப்பவர், தமிழைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் படித்தவர், ஒரு நர்ஸ் எழுதியதை இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார் என்பது அவனுக்கு நம்பமுடியாததாக இருந்தது.

ஹெப்சி டீச்சர் வேறு ரகம். பிடித்த பதிவைப் பிரிண்ட் எடுத்து வகுப்பில் உரக்கப் படிப்பாராம். இருபத்துமூன்று தாள் வைத்திருந்தார். அதைக் கொடுத்தனுப்பாமல் இரண்டு நாளில் தானே அடித்து மெயிலில் அனுப்பிவிட்டார். மீதித் தலைப்புகளைப் போனில் படித்தபோது ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர், 'மூன்றாம் நாள்' என்றதும் கொஞ்சம் நிறுத்தினார்.

"அத நான் பிரிண்ட் எடுக்கல ஜெஃப்ரி. பசங்களுக்குப் படிச்சிக் காட்ட மனசு வரல. உங்களுக்குத் தெரியாததா?"

ஜெஃப்ரி உம் கொட்டினான். எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் படிக்காத வண்டவாளம் வெளியே வந்துவிடுமே.

இதற்கிடையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கிடைத்ததையெல்லாம் மறுபடி ஏற்றும்போது பத்திகள் உடைந்து வந்தன. எந்த வரிக்குப் பிறகு எந்த வரி என்று பார்க்காமல் ஒட்ட முடியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் படிக்க வேண்டும். படித்தான். பிரிண்ட் எடுத்துக் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது படித்தான், கேண்டீனில் படித்தான். கணவனுக்கு ஆபரேஷன் நடக்கும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்த பெண்ணைப் பற்றிய பதிவைப் படித்துவிட்டு சாம்பார் சாதத்தை அப்படியே மூடி வைத்தான். இரண்டு வருஷமாக இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறான். தன்மேல் அவனுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

இன்னும் முப்பத்துநான்கு பாக்கி. மிச்சம் இருந்தவர் சீனிவாசன் சார். அவரிடம் போக ஜெஃப்ரிக்குப் பயம். வட்டத்தில் தேவகிருபையோடு ஓயாமல் மல்லுக்கு நிற்பவர் அவர்தான். கூடவே இருப்பவர்கள் நோயாளியிடம் சொல்லும் பொய்யில் அன்பு இருக்கிறது என்று அக்கா எழுதினால், பொய் பொய்தான் என்று நாலு பக்கம் எதிர்ப்பதிவு போடுவார். ஆஸ்பத்திரி டீ நல்ல டீ என்று எழுதினால் அதற்கும் ஒரு எதிர்ப்பதிவு. போகட்டும், திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரிஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினான்.

சார் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் பதிவைத் திறந்தார். அவருடைய எதிர்ப்பதிவுகளில் தேவகிருபையின் வரிகள் நீலத்தில் இருந்தன. ஒவ்வொரு பத்திக்கும் கீழே அவருடைய சண்டை கறுப்பில். ஒரு வரி விடவில்லை.

"முழுசாவா சார் எடுத்துப் போடுவீங்க?"

"பின்ன? அடுத்தவங்க சொன்னதுல பாதிய வெட்டிட்டு பதில் சொல்றது என்னா நியாயம்? முப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல இருக்கேன். ஒருத்தர் எழுதினத முழுசா சேத்துட்டு அப்புறம்தான் நம்ம வாயத் தெறக்கணும்."

ஜெஃப்ரி கறுப்பையெல்லாம் நீக்கினான். நீலம் மட்டும் நின்றது, காற்புள்ளி உட்பட முழுசாக. முப்பத்துமூன்று பதிவுகள். அக்காவின் எழுத்தில் ஆகச் சிறந்தவை அவைதான் என்பது படித்தபோது தெரிந்தது. இந்த மனுஷன் சுமாரான எதோடும் சண்டைக்கே போகவில்லை. எழுந்து நின்று கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"ஒண்ணு மட்டும் இல்ல சார். 'மூன்றாம் நாள்'."

"அதுக்கு நான் எதிர்ப்பதிவு போடல" என்றார் சார். அவன் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட இருக்கும்னு இல்ல நெனச்சேன்?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இரண்டரைக்கே வந்துவிட்டார்கள். தேவகிருபை கேக் வாங்கிக்கொண்டு வந்தார். கேக்கை வைக்கக்கூட விடாமல் ஜெஃப்ரி சொல்லிவிட்டான். அழித்தது, தேடியது, யார் யாரிடம் எத்தனை கிடைத்தது எல்லாம். அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"நூத்தி நாப்பத்தேழும் இருக்கா?"

"இருக்குக்கா."

"சீனிவாசன் சார்கிட்டயே முப்பத்திமூணா?" கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தார். "என் எழுத்த இவ்ளோ அக்கறையா யாரும் படிச்சதில்ல சார்." சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது கெடைக்கல?"

ஜெஃப்ரி சொன்னான். நசீர் பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தேவகிருபை அவனையே பார்த்தார்.

"அத நீ காப்பி எடுத்து வெச்சிருப்பேன்னு நெனச்சேன் தம்பி."

இனி மறைத்து ஆவதென்ன? "நான் படிக்கலக்கா. அது மட்டும்னு இல்ல. இந்த வாரத்துக்கு முன்னாடி யாரோடதயும் நான் படிச்சதே இல்ல."

அவர்கள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தேவகிருபை எழுந்து ஒரு கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"குந்து. எனக்கு அது மனப்பாடம். எழுதறதுக்கு முன்னாடி ஒரு மாசம் மனசுலயே வெச்சிருந்தது."

அடிக்க ஆரம்பித்தார். எழுத்து எழுத்தாக வந்ததை ஜெஃப்ரி படித்தான்.

'பக்கத்துக் கட்டில் பெரியவருக்குத் துணைக்கு யாரும் இல்லை. கண்ணும் சரியாகத் தெரியாது. தன் அப்பாவைக் கவனிக்க வந்திருந்த ஒரு மகன், தினமும் காலையில் அவருக்கும் பேப்பர் படித்துக் காட்டுவான். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. பதினோராம் நாள் அவனுடைய அப்பா போய்விட்டார். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிப் போனான். மூன்றாம் நாள் காலை டியூட்டிக்கு வந்தேன். அப்பா இருந்த கட்டிலில் வேறு யாரோ. அந்தப் பக்கம் திரும்பாமல், அடுத்த கட்டில் ஓரம் உட்கார்ந்து அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் திருடனைப்போல எழுந்தான். இவர் காத்திருப்பார் சிஸ்டர் என்றான். இருபது வருஷமாக இந்த மாடியில் இருக்கிறேன். அன்றைக்கு என் வேலையைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.'

ஜெஃப்ரிக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. அன்றைக்கு அம்மாவிடம்கூடச் சொல்லாமல் போயிருந்தான். யாருக்கும் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான். இந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், அவனாகப் பேசினால் பேசட்டும் என்று இரண்டு வருஷம் காத்திருக்கிறார்கள்.

பப்ளிஷ் ஆனதும் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முதல் தடவை போட்ட பின்னூட்டத்தையே மறுபடி போட்டார்கள். நசீர் பாய் ஒரு வரி. ஹெப்சி டீச்சர் மூன்று வரி. மூன்றாவதாக சீனிவாசன் சார்: 'இதற்கு எதிர்ப்பதிவு கிடையாது.'

ஜெஃப்ரியும் கீபோர்டை இழுத்தான். அவனுடைய முதல் பின்னூட்டம்.

'முதல் பக்கத்திலிருந்து இல்லை அக்கா. அவருக்கு முதலில் விளையாட்டுப் பக்கம் வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.'

தேவகிருபை படித்தார். பதிவைத் திறந்து அந்த வரியைத் திருத்தினார். 'ஒரு மகன்' என்ற இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நா யார் பேரும் போடறதில்ல, உனக்கே தெரியும். இங்க போடட்டா?"

"போடுங்கக்கா" என்றான் ஜெஃப்ரி.