தாலியில் இருந்த சிலுவை

கணவன், மில் தொழிலாளி அருளப்பனைப் புதைத்த மூன்றாம் நாள், நாத்தனார் செசிலி சொல்லிவிட்டாள்: "சாயந்தரம் தாலி கழட்டணும், பிலோமினா."

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். வெறுங்கழுத்தோடு இருப்பவளை மகளுக்குப் பூ வைக்கக்கூட விடமாட்டார்கள். பிலோமினா மாதா கோயிலுக்குப் பங்குச் சாமியாரிடம் ஓடினாள்.

"நீங்க மந்திரிச்சுக் குடுத்த தாலி சாமி. கழட்டணும்னு வேதத்துல இருக்குதா?"

"இல்லம்மா."

"அத வந்து சொல்லுங்க."

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார். "அது உங்க ஜாதி வழக்கம். சபை தலையிடாது."

வீட்டில் பெண்கள் பாய் விரித்துக் காத்திருந்தார்கள்.

"சாமியார் என்னா சொன்னாரு?"

"கழட்ட வேணாம்னு சொல்லல அண்ணி."

செசிலி தாலியைக் கழற்றினாள். அதிலிருந்த சிலுவையைப் பக்தியோடு முத்தமிட்டுப் பால் சொம்பில் போட்டாள்.