பச்சைத் தீயும் என் மீசையும்

என் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளத்தில் அப்படி ஒரு மீசை வேறு எவனுக்கும் கிடையாது. இரண்டு பக்கமும் கன்னத்தைத் தாண்டி நிற்கும். அதை முறுக்கிக்கொண்டு நின்றால் மேஸ்திரிகூட ஒரு வார்த்தை குறைத்துத்தான் பேசுவார். அந்த மீசையைத்தான் லியாகத் பாய் டீக்கடையில் ஊரே பார்க்கப் பந்தயம் வைத்துவிட்டு வந்தேன். எல்லாம் என் பெண்டாட்டிக்காக.

அமுதவல்லி பிளஸ் டூ வரை படித்தவள். கெமிஸ்ட்ரி என்றால் பைத்தியம். படிப்பு நின்றது, கல்யாணம் ஆனது, பைத்தியம் மட்டும் தெளியவில்லை. உரக்கடையில் மயில்துத்தம் வாங்கி வருவாள். பயிருக்கு அடிக்கிற அந்த நீலக் கல்லைத் தண்ணீரில் கரைத்து, ஒருநாள் என் பழைய சைக்கிள் சாவியை அதில் போட்டாள். வெளியே எடுத்தால் சாவி செம்பாகப் பளபளத்தது. தங்கம் என்றே நினைத்து நான் கொஞ்ச நேரம் பணக்காரனாக இருந்தேன். நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கிற அன்னபேதி என்ற இரும்புக் கல்லை டீ டிகாஷனில் கலந்து கறுப்பு மை செய்தாள். நல்ல மைதான், என் வெள்ளை வேட்டியில் கொட்டியது இன்றுவரை போகவில்லை. இதற்கெல்லாம் தனிக் கிண்ணம், தனிக் கரண்டி உண்டு. அவற்றைச் சமையல் பாத்திரத்தோடு சேர்த்துவிடாதே என்று என்னைத்தான் எந்நேரமும் மிரட்டுவாள்.

சுனாமி வந்துபோன அடுத்த கோடையில் எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது. மற்ற வீடுகளில் முதலில் பால் காய்ச்சினார்கள். இவள் முதலில் காய்ச்சியது செம்புக் கம்பியை. கம்பி நுனியை மயில்துத்தத் தண்ணீரில் தோய்த்துத் தீயில் காட்டினால், தீ பச்சையாக எரிகிறதாம்.

"கிளிப்பச்சைய்யா! நீ பாத்தா சொக்கிப் போயிடுவ!" நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து சொன்னாள்.

அவள் முகத்தைப் பார்த்தே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைக்க, நான் கம்பி நுனியை விரலால் நீவி நேராக்கி, தோய்த்து, தீயில் பிடித்தேன். மஞ்சளாக எரிந்தது. குண்டு பல்ப் மஞ்சள். மறுநாளும் மஞ்சள்தான். நான் வேலைக்குப் போயிருக்கும்போது பச்சையாம், நான் வந்து கம்பியைத் தொட்டால் மஞ்சளாம்.

"உன் ராசி அப்படி" என்றாள் எரிச்சலோடு.

"என் ராசிக்கு இன்னாடி கொறச்சல்? உன்னையே கட்டிக்கினேனே."

"என் ராசியும் அன்னிக்கே போச்சு" என்று அடுப்பை அணைத்தாள்.

இதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். டீக்கடையில் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன். என்னோடு பாத்தியில் உப்பு வாருகிற இருசப்பன் டீ புரையேறச் சிரித்தான்.

"பச்சையா எரியுதா? டேய் மூர்த்தி, உன் பொண்டாட்டி உனக்கு நல்லா காது குத்திட்டாடா!"

என்னைக் கிண்டல் செய்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அமுதாவைப் பொய்க்காரி என்றால் எப்படிப் பொறுப்பது? "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீட்டுக்கு வா. என் கையாலயே பச்சைத் தீய காட்றேன். காட்டலன்னா இந்த மீசைய அங்கியே எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னபோது, துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீ ஒரு தபா கூட பச்சைய பாக்கலியேய்யா. எத நம்பி மீசைய வச்ச?"

"நீதான் சொன்னியே."

அவள் துடைப்பத்தை எடுத்துச் சாத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அன்றைக்குக் குழம்பில் இருந்த பெரிய மீன் துண்டெல்லாம் என் தட்டில்தான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சீசனில் எங்களுக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? உப்பளத்திலிருந்து நேராகவே இருசப்பன், சாலமன் என்று ஒரு கூட்டம் என் பின்னால் வந்துவிட்டது. இருசப்பன் சட்டைப் பையில் புது பிளேடு. நான் கிணற்றடியில் நன்றாகக் கை கழுவிவிட்டுத்தான் அடுப்பருகே போனேன். கம்பியை நீவினேன், தோய்த்தேன், தீயில் காட்டினேன்.

மஞ்சள்.

இன்னொரு முறை காட்டினேன். அதுவும் மஞ்சள்தான். வீடே சிரிப்பில் அதிர்ந்தது. மீசை போகப்போகிறது என்று ஒரு கையால் அதைப் பொத்திக்கொண்டேன். ஆனால் அமுதாவின் கண் கலங்கி நின்றதைப் பார்த்ததும் மீசையெல்லாம் மறந்துபோனது. நான் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

இருசப்பன் குஷி தாங்காமல், அடுப்புக்கு மேலேயே கையை ஓங்கித் தட்டினான். அவன் உள்ளங்கையிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளைத் தூசி பறந்தது. கம்பியே இல்லாத வெறும் நீலத் தீ, குப்பென்று மஞ்சளாகி அடங்கியது.

அமுதா கண்ணைத் துடைத்தாள். "அண்ணே, இன்னொரு தபா தட்டுங்க."

அவன் தட்டினான். மறுபடியும் குப்பென்று மஞ்சள்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கத்தினாள். "உப்பு! உப்பு தீயில பட்டா மஞ்சளா எரியும், அந்த மஞ்சள் பச்சைய முழுங்கிடும்! நீங்க எல்லாரும் உப்பு மூட்டைங்கய்யா! தலையிலேந்து கால் வரைக்கும் உப்பு!"

"நான் கை கழுவிட்டுதான வந்தேன்?" என்றேன் ரோஷத்தோடு.

"எங்க கழுவின?"

"கெணத்துல."

"அந்தத் தண்ணிய வாயில ஊத்திப் பாரேன்."

எங்கள் கிணறு கரிக்கிற கிணறு. பிறந்ததிலிருந்து அதில்தான் குளிக்கிறோம், அதைத்தான் சுத்தம் என்று சொல்கிறோம். நல்ல தண்ணீர் பஞ்சாயத்துக் குழாயில் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அதில் கை கழுவுவது எங்கள் தெருவில் சோற்றைக் கீழே கொட்டுகிற மாதிரி. அமுதா உள்ளே போய், அவள் துத்தம் கரைக்க ஒரு டம்ளர் எடுக்கிற அந்த நல்ல தண்ணீர்க் குடத்தைத்தான் தூக்கி வந்தாள்.

"ஏய், அது குடிக்கிற தண்ணிடி!"

"கைய நீட்டுய்யா."

சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தாள். நகத்தைக்கூட விடவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னாள். மற்றவர்களை வெளியே துரத்தி ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னாள். புதுக் கம்பியைக் கழுவி, புதிதாகக் கரைத்த நீலத் தண்ணீரில் தோய்த்து என் கையில் கொடுத்தாள்.

"இப்போ காட்டு."

பச்சை! கம்பி நுனியிலிருந்து கிளம்பி, தீயின் உச்சி வரைக்கும் நாற்றங்கால் பச்சை. ஜன்னலில் யாரோ விசிலடித்தார்கள். "யம்மாடி!" என்றது இருசப்பன் குரல்தான். அவன் பிளேடைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் இவள் தனியாக ரசித்த அழகு இது. இன்னும் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் குனிந்தேன்.

"கிட்டப் போவாதய்யா!"

சடசடவென்று ஒரு சத்தம். இடது பக்க மீசை கன்னம் வரைக்கும் பொசுங்கிப் போனது. பச்சைத் தீ ஒரே நொடியில் பளீரென்று மஞ்சளாகிவிட்டது. கையைக் கழுவியவள் மீசையைக் கழுவ மறந்துவிட்டாள்.

அமுதா ஈரத் துணியோடு பாய்ந்து வந்து முகத்தைத் துடைத்தாள். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தாள். ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கை நீண்டது. அதில் பிளேடு.

"ஜெயிச்சது நீதான் மச்சான்" என்றான் இருசப்பன். "ஆனா இது உனக்கு வேணும்."

குடத்தில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரைத் தொட்டுத் தொட்டு அமுதாவே மழித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மழித்ததில் இரண்டு இடத்தில் கீறியது.

"போச்சேய்யா மீசை" என்றாள்.

"போனா போவுது. நான் பாத்துட்டேன் இல்ல" என்றேன்.