ஒரு பல் குறைந்த சக்கரம்

1

எதிர் வீட்டு மாடியில் ஒருவர் தினமும் காலையில் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை விரலால் பின்னுக்குத் தள்ளுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். ஏன் என்று கேட்கிற அளவுக்கு எங்களுக்குள் பழக்கமில்லை. அதனால் காரணத்தை நானே செய்துகொண்டேன். கீழே வருவது முழுக்க என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மரத்துக்கும் காலத்துக்கும் ஆதியிலிருந்தே ஓர்...

[அடித்துவிட்டேன். கடிகாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே தத்துவம் பொத்துக்கொண்டு வருகிறது.]

இரண்டாவது தொடக்கம்: அண்ணன் கணக்கு வாத்தியார். தங்கை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். [முதலில் அவளைப் பல் மருத்துவராக்கினேன். சக்கரத்துக்கும் பல், வாய்க்கும் பல் என்று நானே சிரித்துக்கொண்டேன். மறுநாள் படித்தால் சிரிப்பு வரவில்லை.] இருவருக்கும் ஒரே கிறுக்கு. ஒட்டுப்பலகையில் சக்கரம் அறுத்து, மரத்திலேயே கடிகாரம் செய்வார்கள். அவள் அறுத்த சக்கரங்களை அண்ணன் வாங்கிப் பற்களை எண்ணுவார். ஏதாவது குறை சொல்லாமல் திருப்பித் தந்ததில்லை. அவர் செய்ததை எண்ணிப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

3

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குக் கூடத்திலேயே கட்டில் போட்டார்கள். எதிரே அவர் செய்த கடிகாரம் உளறிக்கொண்டிருந்தது. அதை ஓட்டும் எடைக்கல்லை அண்ணி தவறாமல் மேலே ஏற்றிவிட்டிருந்தார். நிமிட முள் ஒழுங்காகத்தான் ஓடியது. மணி முள் மட்டும் சம்பந்தமில்லாத இடத்தில் நின்றது.

“அவர் கை படாம அதுக்கும் கோளாறு வந்துடுச்சு. நீ கொஞ்சம் பாரும்மா” என்றார் அண்ணி.

அவள் கடிகாரத்தை இறக்கினாள். கட்டிலிலிருந்து, “வே... வேணாம்” என்று குரல் வந்தது.

“சும்மா பாக்குறேன்ண்ணா.”

மணி முள்ளை ஓட்டும் சக்கரத்தில் நாற்பத்தெட்டுப் பற்கள் இருக்க வேண்டும். ஒரு பல்லில் பென்சிலால் குறி வைத்து எண்ணினாள். நாற்பத்தேழு. மறுபடி எண்ணினாலும் அதேதான். மரத்தில் இடைவெளி தாராளம் என்பதால் சக்கரம் உறுத்தாமல் சுற்றியிருக்கிறது. மணி முள் மட்டும் நாளுக்கு அரை மணி முந்தியிருக்கிறது.

“அண்ணி, அண்ணன் தினம் இதை என்ன பண்ணுவாரு?”

“காலையில எந்திரிச்சதும் துணியால தொடைப்பாரு. என்னைக் கிட்டவே விடமாட்டாரு. அப்படி ஒரு ஆசை அது மேல.”

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு கணக்கு வாத்தியார், எத்தனை வருஷமாகத் துணிக்குள் விரலை மறைத்து முள்ளைத் தள்ளியிருக்கிறார்! பிறகு, அண்ணி பார்க்குமுன் சக்கரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

4

வேறு சக்கரம் அறுத்து மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கழற்றினால் ஏன் என்று வீடு கேட்கும். தங்கை கேட்பாள். அதற்குப் பதில், சாகும்வரை தொடைத்துக்கொண்டே இருக்கலாம்.

5

முடிவு, ஒன்று: அவள் தன் வீட்டில் சரியான சக்கரம் அறுத்து வந்து சத்தமில்லாமல் மாட்டிவிடுகிறாள். மறுநாள் காலையில் மணி முள் தானாகவே சரியாக நிற்பதை அண்ணன் பார்க்கிறார். தன் குட்டு உடைந்தது புரிந்து, யாரிடமும் எதுவும் சொல்ல முடியாமல் படுத்தபடியே...

[இதற்கு மேல் எழுத மனசு வரவில்லை.]

முடிவு, இரண்டு: பழைய சக்கரத்தையே மாட்டி, கடிகாரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும்படி தொங்கவிடுகிறாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. அவள்தான் மசியவில்லை. தப்பு என்று தெரிந்த சக்கரத்தை மாட்ட அவளுக்குக் கை வராது. நான் எழுதிய ஆள்தான். ஆனாலும் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாள்.

6

அவள் செய்தது இதுதான். புதுச் சக்கரத்தையும் பழையதையும் ஒரு தட்டில் வைத்து, அண்ணனின் இடது பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

“இது உன்னோடது. இது நான் அறுத்தது. எதை மாட்டணும்னு நீயே எடுத்து வைண்ணா.”

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சமையலறைக்குள் போய்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

“பாத்திரமே இல்லையேம்மா, எதைக் கழுவுற?” என்றார் அண்ணி.

அவள் தன் கையையே கழுவினாள். நானும் அவள் பின்னாலேயே ஓடிவந்துவிட்டேன். கூடத்தில் இப்போது அவரும் நீங்களும்தான். எதை எடுக்கிறார், எடுக்கிறாரா, தட்டையே தள்ளிவிடுகிறாரா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கை நடுங்கினால், உதவுகிறேன் என்று பிடிக்கப் போய்விடாதீர்கள்.