ரோஜா சோப்பு

"நீயே பார்த்துச் சொல்லுண்ணே," என்றாள் யுஸ்மார்னி. "காரு பழுதுன்னா என் புருஷன் வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா தூங்கிக்கிட்டுதான் ஓட்டியிருக்காரு. இன்னைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிடணும்."

அவள் அண்ணன் சுல்ஹெந்திரியால் தலையாட்டத்தான் முடிந்தது. தங்கை வீட்டில் தாய்மாமன் சொல்வதே தீர்ப்பு. வீடு பெண்களுக்கே சொந்தமான பயாகும்பு ஊரில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. போதாக்குறைக்கு அவன் மெக்கானிக் வேறு. தங்கை மகள் ஆறு வயது நதீலாவை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவள் அப்பா ஓட்டிய கார் மரத்தில் மோதியது, அவள் உட்கார்ந்திருந்த பின்கதவுப் பக்கமாக. முன்னால் என்ஜின் மட்டும் குத்துக்கல்லாட்டம் இருந்தது, பாழாய்ப்போன என்ஜின்.

பட்டறைக்குள் ஸ்டார்ட் செய்து பார்த்தான். ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங் ஒற்றை விரலுக்குத் திரும்பியது. யுஸ்மார்னி புருஷனை முறைத்தாள்.

"சத்தியமா மச்சான்," என்றான் ரஃப்தினால். "மழை பிடிச்சதும் பேட்டரி லைட்டு சிவப்பா எரிஞ்சுது. அதோட ஸ்டியரிங்கும் இறுகிப்போச்சு. வளைவுல என்னால ஒடிக்கவே முடியல."

இரண்டும் ஒரே நேரத்தில், அதுவும் மழையில். தொழில் தெரிந்தவனுக்கு அது போதும். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதையும் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் பம்பையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது நனைந்து வழுக்கினால் இரண்டும் படுத்துவிடும். இந்த அப்பாவி பிழைத்தான் என்று சுல்ஹெந்திரி மூச்சு விட்டான். ரஃப்தினாலை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, ஓடும் பெல்ட்டின் மேல் குவளையால் தண்ணீர் ஊற்றினான்.

"லைட்டு எரியுது! இறுகிடுச்சு மச்சான், பாருங்க!"

சுல்ஹெந்திரி அவனைப் பார்க்கவில்லை. பெல்ட்டிலிருந்து வெள்ளை வெள்ளையாக நுரை சொட்டியது. ரோஜா வாசம் அடித்தது.

விபத்துக்கு முந்தின நாள் தங்கை வீட்டு வாசலில் இதே பெல்ட் கீச்சுக்கீச்சென்று கத்தியது. "காரு அழுவுது மாமா," என்று நதீலா காதைப் பொத்திக்கொண்டாள். புது பெல்ட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, "ஓடிப்போய் குளிக்கிற சோப்பை எடுத்துட்டு வாடி தங்கம்," என்றான். பெல்ட்டில் அதைத் தேய்த்ததும் சத்தம் நின்றது. குழந்தை கைதட்டிச் சிரித்தாள். சோப்பு தேய்த்த தன் கையை வெட்டிப் போட்டால்கூட இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இப்போது அவனுக்குத் தோன்றியது.

யுஸ்மார்னி குனிந்து நுரையைத் தொட்டு முகர்ந்தாள். "எங்க வீட்டு சோப்பு. இது எப்படிண்ணே இங்க?"

"உன் புருஷன் தூங்கல, மார்னி. பெல்ட்டு சத்தம் போகட்டும்னு நான்தான் தேய்ச்சேன். மழைல அதுதான் வழுக்கிடுச்சு."

ரஃப்தினால் என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து அழுதான். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என் பிள்ளைக்கு நியாயம் கேட்டு உன்கிட்டதானே வந்தேன்," என்றாள். "இனி நான் யார்கிட்டண்ணே போவேன்?"