வெள்ளிக்கிழமை அறுக்குளா

"மீன் எண்டு சொல்லாதீங்க புள்ள, அது வந்து..."

"மீனை மீன் எண்டு சொல்லாம வேற என்னெண்டு சொல்றது ஹாஜியார்? தலையும் வாலும் இருந்துதே!"

"நான் சொல்றதை முழுசாக் கேளுங்க..."

"முழுசாத்தானே அனுப்பினம்! ஒரு துண்டு வெட்டி வைக்காம அனுப்பினம்!"

இறக்கக்கண்டி ஒழுங்கையில் தன் வீட்டுப் படலைக் கதவை உள்ளிருந்து இறுகப் பிடித்தபடி நின்றாள் பல்கீஸ். வெளியே குடையும் கையுமாக அபூதாஹிர் ஹாஜியார். அவருக்குப் பின்னால், திருகோணமலையிலிருந்து வாடகைக்குப் பிடித்து வந்த காருக்குள், அவருக்காக வழக்குப் பேசும் பிறக்கிராசி ஹெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹாஜியாரின் கையில் தட்டச்சடித்த ஒரு தாள். அதில் பல்கீஸின் கையெழுத்து வேண்டும்.

பல்கீஸின் புருசன் ஸெய்னுதீன், வலையும் தோணியும் வாங்கவென்று இந்த வீடு வளவை ஹாஜியாரிடம் ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்தான். நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரத்தில் வட்டி என்று ஒரு வரி இருந்தது. "அது நொத்தாரிசு வழக்கமா எழுதுற எழுத்து. மார்க்கம் விலக்கின வட்டியை நான் தொடுற மனிசனா?" என்று ஹாஜியார் பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னார், தேத்தண்ணிக் கடையில் சொன்னார், யாருமே கேட்காத கலியாண வீடுகளிலும் சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தால் வலையில் விழுந்த பெரிய அறுக்குளா மீன் அவருடைய குசினிக்குப் போயாக வேண்டும். ஒரு வெள்ளி தவறினால் மறுநாளே ஹாஜியாரின் ஆள் கடற்கரையில் வந்து நின்று, ஸெய்னுதீனுக்கு உடம்புக்குச் சுகம்தானா என்று விசாரிப்பான். அவ்வளவு பாசம்!

அந்த மீனுக்கு ஹாஜியார் வைத்த பெயர் அன்பளிப்பு. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் அவர் வீட்டில் உட்கார்ந்து அதை ஆணம் காய்ச்சிச் சோற்றோடு சாப்பிட்டார்கள். வட்டி தொடாத மனிசன் என்று புகழ்ந்து வாயையும் துடைத்துக்கொண்டார்கள்.

ஸெய்னுதீன் மவுத்தாகிப் பல்கீஸ் விதவையானாள். ஹோட்டல்காரர் வந்து பக்கத்து நிலாவெளிக் கடற்கரையை அளக்கத் தொடங்கினார்கள். அதுவரை கண்ணில் படாத வளவு ஹாஜியாரின் கண்ணில் பட்டது. வளவை ஏலத்தில் விற்றுத் தரும்படி வழக்குப் போட்டார். போட்ட பிறகுதான் ஹெக்டர் உறுதியைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். உறுதிக்குப் பத்து வருசம் தாண்டிவிட்டது; சட்டப்படி அது காலாவதி. இடையில் வட்டி கொடுபட்டது என்று நிரூபித்தால் மட்டுமே அதற்கு உயிர் உண்டு.

"பற்றுச்சீட்டு எங்க?" என்று ஹெக்டர் கேட்டாராம். எங்கே இருக்கும்? பற்றுச்சீட்டு எழுதினால் வட்டி என்ற அந்தச் சொல்லையும் எழுத வேண்டுமே. தன் பேரைக் காப்பாற்ற ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதாமல் விட்ட மனிசன் இப்போது கடதாசிக்காகப் படலையில் நின்றார்.

ஹெக்டர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "அம்மா, அனுப்பின மீன் எல்லாம் வட்டிக்கு எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ. வழக்குச் சுருக்கா முடிஞ்சிடும்."

"முடியும் ஐயா. நானும் மகள் பரீனாவும் றோட்டில நிக்கிறதோட முடியும்." ஹாஜியாரின் பக்கம் திரும்பினாள். "வட்டி வாங்காத மனிசன்தானே? அப்ப அவ்வளவு மீனையும் கடன் முதல்ல இருந்து கழியுங்க."

"முதல்ல கழிச்சா முதல் எங்க மிஞ்சும்?" என்றார் ஹாஜியார், யோசிக்காமல்.

ஹெக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்களா ஐயா? நான் ஒண்டும் சொல்லல்ல. போய் அந்த மரைக்கார்மாரைக் கூப்பிடுங்க ஹாஜியார். மீன் வந்ததுக்கு அவங்களை விடச் சாட்சி ஆரு?"

ஹாஜியார் போனார். ஜவாஹிர் மரைக்கார் வாசலிலேயே மறித்தார். "அன்பளிப்பு எண்டு சொல்லித்தானே தின்னத் தந்தீங்க? இப்ப என்ட வயித்துக்குள்ள வட்டியை வைக்கப் பாக்கிறீங்களா?" இன்னொருவர் தனக்கு மீனே ஒத்துக்கொள்ளாது என்றார். அவர் தலைத்துண்டுக்கு மற்றவர்களோடு மல்லுக்கட்டியதை ஊரே பார்த்திருக்கிறது.

வழக்குக்கு முதல்நாள் பல்கீஸ் தன் பிறக்கிராசி இக்னேசியஸிடம் போனாள். சிரிப்பெல்லாம் படலையோடு நின்றுவிட்டது.

"ஐயா, அது வட்டிதான். எனக்குத் தெரியும், என்ட புருசனுக்கும் தெரிஞ்சிருந்தது. என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டன்."

"உங்களை ஆரும் சாட்சிக் கூண்டில ஏத்தேல்ல. நிரூபிக்க வேண்டியது கடன் குடுத்தவர்."

"அவரிட்ட என்ன சாட்சி இருக்கு?"

"அவற்ற வாய் மட்டும்தான். வட்டியா வாங்கினனான் எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லி, நீதிபதியும் நம்பினாரெண்டா வீடு போயிடும்."

"ஒரு சொல்லிலயா?"

"ஓம். ஒரு சொல்லில."

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து நீதிமன்ற வாங்கில் உட்கார்ந்தாள். பின் வாங்கில் மரைக்கார்மார் வரிசையாக இருந்தார்கள். சாட்சி சொல்ல ஏலாது என்றவர்களுக்குக் கேட்க மட்டும் ஏலும் போலிருக்கிறது.

ஹாஜியார் புதுத் தொப்பியோடு கூண்டில் ஏறினார். உறுதியைக் காட்டினார்கள், சரி. ஸெய்னுதீனின் கையெழுத்து, அதுவும் சரி. ஹாஜியாரின் குரல் கணீரென்று இருந்தது.

"கடைசியா எப்ப வட்டி வாங்கினீங்கள்?" என்று கேட்டார் ஹெக்டர்.

கணீர் போய்விட்டது. ஹாஜியார் பின் வாங்கைப் பார்த்தார். பிறகு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் காதுப்பக்கமாகக் குனிந்து என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கேல்ல," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஸெய்னுதீன் மவுத்தாகிறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை... ஒரு இது... வந்தது."

"என்ன வந்தது?" என்றார் நீதிபதி.

"மீன்."

"மீனா, வட்டியா? எதை எழுதுறது?"

ஹாஜியார் கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஹெக்டர் மேசையைப் பார்த்தார். ஜவாஹிர் மரைக்கார் காதுக்குப் பின்னால் கையை மடித்து வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். மகள் படுத்தெழும்பும் கூரை அந்த மனிசனின் உதட்டில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு பல்கீஸால் இருக்க ஏலவில்லை. இக்னேசியஸ் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டக் காட்ட எழும்பிவிட்டாள்.

"வீடு வேணுமெண்டா வட்டி எண்டு சொல்லுங்களன் ஹாஜியார்! ஏன், தொண்டையில முள்ளுச் சிக்கிட்டுதா?"